கிளட்ச் கால்

பேருந்து டெப்போவில் அவளுக்கு 'நிதானம்' என்று பெயர். ஓட்டுநராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சுவரையோ சைக்கிளையோ நாய்க்குட்டியையோ உரசியதில்லை என்பதால் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தால், "அடிச்சுக்கோ ராசா, பேட்டரி உன்னோடதுதானே" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அதே வேகத்தில் போவாள்.

அந்த நிதானமெல்லாம் ஸ்டியரிங் கையில் இருக்கிற வரைக்கும்தான். வண்டியை விட்டு இறங்கிவிட்டால் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி. பால் பொங்குவதற்குள் துணியைத் துவைத்துவிடலாம் என்று நினைக்கிற ஆள். அடுப்படியில் தீய்ந்த பால் வாசனைக்கு அவள் கணவர் பழகிப்போய்விட்டார்.

ஓட்டுநர் வேலை அவளுக்கு மடியில் வந்து விழுந்ததல்ல. முதலில் ஒரு தையல் ஆலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தினமும் ஆலைக்குப் போகும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையைப் பிடிப்பாள். கியர் மாறும்போது கை எங்கே போகிறது, கால் எப்போது இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்தே பாதிப் பாடம் படித்துவிட்டாள். பெண்களையும் ஓட்டுநராக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு பழைய பூட்டை நோண்டிக்கொண்டே, "பஸ்ஸுக்கும் சாவிதானே? போய்த் திருப்பு" என்றார். மாடி வீட்டில் இருந்த நாத்தனார்தான், "பொம்பளை ஓட்டுற வண்டியில எவன் ஏறுவான்?" என்று கேட்டாள். ஏறத்தான் செய்தார்கள். நாத்தனாரும் ஏறினாள்.

மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். முதல் நடை முடிந்து வண்டியை நிறுத்தினாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் இறங்குவதற்குக் கைப்பிடியும் இரண்டு படியும் உண்டு. கடைசிப் படியை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை, குதித்துவிடுவாள். அன்றைக்கும் குதித்தாள். இடது பாதம் சேற்றுக் குழியில் போய் ஊன்றிக்கொண்டது. அதே நேரம் கண்டக்டர் எங்கிருந்தோ "அக்கா!" என்று கூப்பிட, உடம்பு அந்தப் பக்கம் திரும்பியது. பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கண்டக்டருக்கே அது கேட்டதாம்.

ஸ்கேன் எடுத்தார்கள். முழங்கால் மூட்டைப் பிடித்து நிறுத்துகிற தசைநார் அறுந்துபோயிருந்தது. "ஜவ்வு போயிடுச்சும்மா. தொடைக்குப் பின்னாடி இருந்து ஒரு நாரை எடுத்துப் புதுசா வெச்சுடலாம்" என்றார் அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஜன்னலுக்குத் திரை மாற்றுகிறவர் மாதிரி. எந்தக் கால் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "கிளட்ச் கால்."

அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் வார்டுக்கு ஒரு பெண் வந்தாள். குட்டையான உருவம், முழங்கைக்கு மேல் மடித்த சட்டைக்கை, சிரிக்காத முகம். அவள்தான் பிசியோ, பயிற்சி கொடுத்துக் கை காலைத் தேற்றுகிறவள். நோயாளிகள் எல்லோருமே அவளை அப்படித்தான் சொன்னார்கள்.

"அக்கா, காலை நீட்டினபடியே கொஞ்சம் மேலே தூக்குங்க."

இதென்ன பெரிய காரியம் என்று தூக்கப் போனாள். கால் வரவில்லை. மறுபடி முயன்றாள். முகம் சிவந்தது, பல் கடிபட்டது, எதிர்ப்பக்கத் தோள்கூட எழும்பியது. குதிகால் மட்டும் மெத்தையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நூறு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் வண்டியைப் பின்வாங்காமல் நிறுத்திக் கிளப்புகிற கால் அது.

"மேடம், ஏதோ நரம்பை அறுத்துட்டாங்க போல."

"ஒண்ணும் அறுக்கலை. வலியும் வீக்கமும் வந்தா தொடைத் தசை படுத்துடும். நாமதான் எழுப்பணும்." பிசியோ ஒரு துண்டைச் சுருட்டி அவள் முழங்காலுக்கு அடியில் வைத்தாள். "இந்தத் துண்டை நசுக்குங்க. தூக்க வேண்டாம், கீழ்நோக்கி அழுத்தினா போதும்."

அழுத்தினாள். காலிடம் கெஞ்சினாள், மனசுக்குள் திட்டினாள். வியர்வை கழுத்தில் இறங்கியது. நெடுநேரம் கழித்துத் தொடையின் மேல் தோல் லேசாகத் துடித்தது. மீன் வால் ஆட்டுகிற அளவுக்கு ஒரு துடிப்பு.

"வந்துடுச்சு," என்றாள் பிசியோ. "இன்னிக்கு இது போதும்."

"இதுக்கா இவ்வளவு பாடு? நாளைக்கு என்ன?"

"நாளைக்கும் இதுதான்."

வீட்டுக்கு வந்ததும் கணவர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வர ஆரம்பித்தார். தண்ணீர் கேட்பதற்கு முன் தண்ணீர், திரும்பிப் படுப்பதற்கு முன் ஒரு கை. காலைச் சுற்றி இரும்புப் பட்டையும் வாருமாக மாட்டியிருந்த கருவியைப் பார்த்து, "கல்யாணத்துல போட்ட கால்கட்டுக்கு இது பரவால்ல, ராத்திரியாவது கழட்டலாம்" என்று அவள் சொன்னதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு பயம். முழங்கால் வலிக்கிறதே என்று அதற்கு அடியில் பஞ்சுத் தலையணை ஒன்றை வைத்துவிட்டார். கால் சற்று மடங்கி இருக்க, வலி அடங்கியது. அவளும் சுகமாகத் தூங்கினாள். ஒரு வாரம் அந்தச் சுகம்.

மறுவாரம் பிசியோ அவளைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தாள். இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் இல்லை. இடது கால் முழுசாக நேராகாமல் நின்றது.

"முட்டிக்கு அடியில என்ன வெச்சீங்க?"

கணவர் தயங்கியபடி தலையணையைச் சொன்னார்.

"அண்ணா, இப்ப நேராகலேன்னா ஆயுசுக்கும் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பாங்க. மடக்கறது பின்னால தானா வரும், நீட்டறதை விட்டா வராது. தலையணை வைக்கணும்னு ஆசைன்னா குதிகாலுக்கு அடியில வைங்க. முட்டி அந்தரத்துல தொங்கட்டும்."

அன்றிலிருந்து அதே தலையணை குதிகாலுக்குப் போனது. முழங்கால் தொங்க, பின்பக்கம் முழுக்கத் திகுதிகுவென்று எரிந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார், அவள் நினைப்பு காலில் தங்காமல் இருக்க. யார் வீட்டுப் பூட்டு திறக்கவில்லை, யார் சாவியைத் தொலைத்துவிட்டுப் பெண்டாட்டி மேல் பழியைப் போட்டார் என்று தெருவின் கதையெல்லாம் அவள் அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டாள். வலி தாங்காமல் ஒருநாள் அவர் கையைக் கிள்ளியே விட்டாள். "நல்லா கிள்ளு, ஆனா காலை மடக்காதே" என்றார் அவர்.

டெப்போ மேலாளர் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனிதர். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"நேரக்காப்பாளர் ரூம்ல ஒரு இடம் காலியா இருக்கும்மா. வண்டி வர்றது போறது மைக்ல சொல்லணும், அவ்வளவுதான். உனக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். நிரந்தரமாவே பண்ணித் தந்துடறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த நாத்தனார், "உக்காந்த இடத்துல சம்பளம், கும்பிடற தெய்வம் கண்ணைத் தொறந்திருக்கு" என்றாள்.

"தற்காலிகமா உக்காறேன் சார்," என்றாள் அவள். "கால் சரியானதும் வண்டி வேணும்."

"ஆபரேஷன் பண்ண கால் பழைய காலாகுமா? முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டானாம்," என்றாள் நாத்தனார்.

"அண்ணி, நான் முடவன் இல்லை. தேன் வேணும்னா ஏணி வெச்சு ஏறுவேன்."

மேலாளர் எழுந்து, "உடற்தகுதிச் சோதனை பாஸ் பண்ணணும்மா. அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊன்றுகோல் போனது. இரும்புப் பட்டை போனது. மைக்கில் வண்டி அறிவித்த நேரம் போக மீதியெல்லாம் மருத்துவமனையின் கீழ்த்தளத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கழிந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருகிற மாதிரி அந்தரத்தில் உட்காருவது, ரப்பர் பட்டையைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நண்டு நடை நடப்பது, ஓடாத சைக்கிளை மிதிப்பது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டே பிசியோ எறிகிற பந்தைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் பந்தையும் பிடிக்கவில்லை, நிலையாக நிற்கவும் இல்லை. பிசியோ மறுபடி எறிவாள். அவளிடம் பாராட்டு வாங்குவது துருப்பிடித்த பூட்டைத் திறப்பதைவிடக் கஷ்டம் என்று கணவர் சொன்னார்.

மூன்றாம் மாதத்தில் வலி ஏறக்குறைய இல்லை. படியில் ஏறினாள், இறங்கினாள். கடைக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேரக்காப்பாளர் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் பணிமனை ஓரத்தில் அவளுடைய பழைய வண்டி நிற்பது தெரியும். ஒரு மத்தியானம் யாரும் பார்க்காதபோது மைக்கை அணைத்துவிட்டுப் போய் அதில் ஏறி உட்கார்ந்தாள். இஞ்சினைக் கிளப்பவில்லை. கிளட்சை மட்டும் மிதித்துப் பார்த்தாள். இறங்கியது. மனசு கெக்கலி கொட்டியது. மறுபடி மிதித்தாள். கண்ணை மூடிக்கொண்டு வழித்தடம் முழுவதையும் மனசிலேயே ஓட்டினாள். சிக்னல், மேம்பாலம், பள்ளிக்கூட வளைவு, சந்தை நெரிசல். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கால் இறங்கி ஏறியது.

சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

மறுநாள் பிசியோ காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "என்ன பண்ணீங்க?"

சொன்னாள். கூடத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படிதான் திட்டு விழுந்தது.

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்க மாட்டீங்களா? வலி இல்லேன்னா ஒட்டிடுச்சுன்னு அர்த்தமா? உள்ள வெச்ச நார் இப்பதான் பழசு கரைஞ்சு புதுசா மாறிக்கிட்டிருக்கு. நீங்க நல்லா இருக்கேன்னு நினைக்கிற நேரத்துலதான் அது ரொம்பப் பலவீனமா இருக்கும். அறுந்திருந்தா திரும்பவும் கத்திதான்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து அவளை யாரும் அவசரக்காரி என்று திட்டியதில்லை.

"அறுந்துடுச்சா மேடம்?"

பிசியோ இரண்டு கையாலும் காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி இழுத்தாள். "பிடிப்பு இருக்கு. நார் தப்பிச்சுது. ஆனா வீக்கம் வத்தற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தணும். துண்டுல இருந்து ஆரம்பிக்கணும்."

பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கணவர் கொடியில் கிடந்த துண்டை எடுத்து, பிசியோ சுருட்டுகிற மாதிரியே இறுக்கமாகச் சுருட்டிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அதை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பயிற்சி செய்த விதமே மாறியது. முன்பெல்லாம் பிசியோ சொன்னதற்கு மேல் செய்துவிட்டுப் பெருமைப்படுவாள். இப்போது சொன்னதைச் சொன்ன அளவில், சொன்ன வேகத்தில் செய்தாள். வலித்தாலும் குறைக்கவில்லை, வலிக்காவிட்டாலும் கூட்டவில்லை. வேலைக் களைப்பு, தலைவலி என்று ஒருநாளாவது நொண்டிச் சாக்கு சொல்வாள் என்று பிசியோ எதிர்பார்த்திருக்கலாம். சொல்லவில்லை.

வீக்கம் வற்றிக் கால் மறுபடி தேறியதும் பிசியோவே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தக் கிளட்ச் எவ்வளவு கனமா இருக்கும்?"

"அதை எப்படிச் சொல்றது மேடம்? மிதிச்சாதான் தெரியும்."

"அப்ப நான் வந்து மிதிக்கறேன்."

சொன்னபடி டெப்போவுக்கு வந்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஒரு காலை வைத்து அழுத்தினாள். பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. இரண்டு காலையும் வைத்து அழுத்தியபோது இறங்கியது. "இதையா நாள் பூரா மிதிக்கறீங்க?" என்று கேட்டாள். பிசியோ சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

பணிமனை மெக்கானிக்கை எல்லோரும் 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உடைத்துப் போட்ட பழைய வண்டியிலிருந்து ஒரு கிளட்ச் பெடலைக் கழற்றி, இரும்புச் சட்டத்தில் பற்றவைத்து, பின்னால் சுருள்வில் மாட்டி, ஒரு பழைய இருக்கையையும் சேர்த்துப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வில்லை மாற்றினால் பெடலின் கனமும் மாறும். மெலிந்த வில்லில் ஆரம்பித்து, பிசியோ 'சரி' என்று சொல்லும்போது மட்டும் அடுத்த வில்லுக்குப் போனாள். அந்தப் பெடலைப் பார்க்கவே மற்ற நோயாளிகள் வந்து நின்றார்கள். தோள்பட்டை வலிக்காக வந்த ஒரு பெரியவர், "டிக்கெட் குடும்மா, இறங்கற இடம் சொல்லு" என்று தினமும் கேலி பண்ணுவார்.

பெடல் வசப்பட்டது. அதன் பிறகுதான் அவள் எதிர்பார்க்காத இடத்தில் கால் இடறியது. பிசியோ ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு சாண் உயரம்கூட இருக்காது.

"மேலே நின்னு கீழே குதிங்க. ரெண்டு காலும் சேர்ந்து இறங்கணும்."

ஏறி நின்றாள். தரையைப் பார்த்தாள். குதிக்கச் சொல்லி மனசு கட்டளை போட்டது. உடம்பு அசையவில்லை. காதுக்குள் அந்த 'டப்' கேட்டது. இறங்கி நடந்துதான் வந்தாள்.

"நான் இனிமே குதிக்கவே மாட்டேன் மேடம். கம்பியைப் புடிச்சு ஒவ்வொரு படியா இறங்கறேன். இது எதுக்கு?"

"படி படியாத்தான் இறங்கணும், சரிதான். ஆனா வழுக்கறது சொல்லிட்டா வரும்? அன்னிக்குக் கால் தானா தரையைப் புடிக்கணும்ல?"

அடுத்த நாளும் பெட்டி மேல் நின்றுவிட்டு இறங்கினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. வீட்டில் கணவரிடம், "வலியைத் தாங்கிட்டேங்க. இது வலியே இல்லை. வெறும் பயம். இதைத் தாங்கத் தெரியலை" என்றாள். அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து பயம் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவளோடு கூடத்துக்கு வந்து பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டார். அவள் ஏறினாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க வெளியே போய் நில்லுங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு."

அவர் வெளியே போனார். அவள் பெட்டியை விட்டு இறங்கி, சமதரையில் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி 'தொம்' என்று விட்டாள். மறுபடி. பிறகு கம்பியைப் பிடித்தபடியே தரையிலிருந்து விரல்கடை உயரம் துள்ளினாள். பிறகு கம்பியை விட்டுவிட்டுத் துள்ளினாள். பிசியோ வேறு ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெட்டி மேல் ஏறினாள். நின்றாள். மூச்சை இழுத்தாள். குதித்துவிட்டாள்.

'தடால்' என்று கூடமே அதிர்ந்தது. முழங்கால் மடங்கி, ஆடி, நின்றது. நின்றது!

"பக்கத்து ரூம்காரங்க சண்டைக்கு வருவாங்க," என்றாள் பிசியோ திரும்பாமலே. "சத்தம் கேக்காம இறங்குங்க. திரும்ப ஏறுங்க."

ஏறினாள். பூனை மாதிரி இறங்க வரும்வரை ஏறி ஏறிக் குதித்தாள். கண்ணில் நீர் வழிந்ததை யாரும் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. வாசலில் நின்ற கணவர்தான் கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

உடற்தகுதிச் சோதனைக்குப் போன அன்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சோதித்த மருத்துவர் நாற்காலியிலிருந்து இடது காலை மட்டும் ஊன்றி எழச் சொன்னார். எழுந்தாள். தொடை நடுங்கியது. திரும்பத் திரும்ப எழச் சொன்னபோது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு காலுக்கும் பலத்துல வித்தியாசம் இருக்கும்மா. இன்னும் ரெண்டு மாசம் பயிற்சி பண்ணிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஏதாவது பழமொழி வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. "நானும் ஒரு வருஷமா முட்டி வலியோடதான் மாடிப்படி ஏறி இறங்கறேன்," என்றாள் நாத்தனார். "நீ சுவர்ல சாஞ்சு உக்காருவியே, அதை எனக்கும் சொல்லிக் குடு. சும்மா பாத்துக்கிட்டே இருந்தா போரடிக்குது."

வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முதுகைச் சாய்த்து அந்தரத்தில் உட்கார்ந்தார்கள். "ஐயோ, தொடை வெடிக்குதுடி" என்று நாத்தனார் அலறினாள். "பேசாதீங்க அண்ணி, மூச்சு விடுங்க," என்றாள் அவள். அடுத்த இரண்டு மாதமும் அப்படித்தான் போனது. வீட்டுப் படிக்கட்டே ஏறி இறங்கும் பயிற்சிக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது சோதனையில் மருத்துவர் போதும் போதும் என்று சொல்லும்வரை ஒற்றைக் காலில் எழுந்து உட்கார்ந்தாள். ஓட்டிக் காட்டச் சொன்னபோது மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள், திடீரென்று நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். சோதனை அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எந்தக் கால் ஆபரேஷன்?" என்று கேட்டார். அவள் சொன்ன பிறகும் ஒருமுறை குனிந்து பார்த்தார்.

முதல் நாள் நடை சுலபமாக இல்லை. சந்தை நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது முழங்காலுக்குள் ஒரு மந்தமான வலி வந்து உட்கார்ந்துகொண்டது. அது எந்த வலி என்று இப்போது அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். உழைத்த தசையின் வலி. அதனால் பதறவில்லை. கடைசி நடை முடிந்து வண்டியை ஒப்படைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போகாமல் பயிற்சிக் கூடத்துக்குப் போனாள்.

"இன்னிக்குமா?" என்றாள் பிசியோ. "வண்டி ஓட்டினதே போதுமே."

"நீங்கதானே மேடம், ஒரு வருஷம் முடியற வரைக்கும் விடக் கூடாதுன்னீங்க?"

பிசியோ ரப்பர் பட்டையைத் தூக்கிப் போட்டாள். ஒற்றைக் காலில் நின்றபடியே அவள் அதை எட்டிப் பிடித்துக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு, சுவரோரமாகப் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தாள்.